போல் ரோஜே இல்லமும் ‘சர் வின்ஸ்டன் சர்ச்சில்’ ஷாம்பெயினும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்ஸ் நாட்டின் எப்பர்னே நகரில் இயங்கும், ஷாம்பெயின் மது செய்யும் நிறுவனமான போல் ரோஜே இல்லம் 1849 இல் தொடங்கி இன்றுவரை ஒரே குடும்பத்தின் உடைமையாக இருந்து வருகிறது. அந்த இல்லம் தான் செய்யும் ஷாம்பெயின்களில் மிக உயர்ந்ததற்கு முன்னோர் பெயரைச் சூட்டவில்லை. தோட்டத்தின் பெயரையோ ஊரின் பெயரையோ சூட்டவில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தன்னிடம் மது வாங்கிக் குடித்த ஓர் அயல்நாட்டவரின், பிரிட்டிஷ் பிரதமராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சிலின், பெயரைச் சூட்டியது. ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல இயலாது. இடிந்து விழுந்த நிலவறை, இரண்டு உலகப் போர்கள், ஒரு மதிய விருந்தில் தொடங்கிய நட்பு, பத்தாண்டுக் காத்திருப்பு ஆகிய எல்லாவற்றையும் சொன்னால்தான் அந்தப் பதில் முழுமை பெறும். வாசகர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்விகளைக் கொண்டே அதைச் சொல்ல முயன்றிருக்கிறேன்.

நுரைக்கும் வெள்ளை மது எல்லாமே ஷாம்பெயின்தானா?

இல்லை. பாரிஸுக்குக் கிழக்கே உள்ள ஷாம்பெயின் பகுதியில், சட்டம் வரையறுத்த எல்லைக்குள் விளைந்த திராட்சையைக் கொண்டு, அங்கேயே, புட்டிக்குள் இரண்டாம் முறை நொதிக்க வைத்துச் செய்யப்படும் மதுவுக்கு மட்டுமே அந்தப் பெயர் உரியது. இத்தாலியின் ப்ரொசெக்கோவும் ஸ்பெயினின் காவாவும் தத்தம் அளவில் நல்ல மதுக்கள். ஆனால் அவை ஷாம்பெயின் அல்ல. காஞ்சிபுரத்துக்கு வெளியே நெய்யப்பட்ட சேலையைக் காஞ்சிப் பட்டு என்று விற்கக்கூடாது என்பதைப் போன்ற புவிசார் உரிமை இது.

புட்டியின் மேல் ஓர் ஆண்டு அச்சிடப்பட்டிருந்தால் அதற்கு என்ன பொருள்?

அந்தப் புட்டியில் உள்ள மது முழுவதும் அந்த ஓர் ஆண்டின் அறுவடையிலிருந்து மட்டும் வந்தது என்று பொருள். இதைத்தான் ‘விண்டேஜ்’ என்கிறார்கள். இதன் அருமை விளங்க, ஷாம்பெயின் பகுதியின் வானிலையை முதலில் அறிய வேண்டும். வட அட்சரேகை 49 பாகையை ஒட்டிய அந்த நிலத்தில் ஆண்டின் சராசரி வெப்பநிலை 11 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கிறது. வசந்தத்தில் உறைபனி வந்து தளிரைக் கருக்கிவிடலாம். பூக்கும் பருவத்தில் மழை வந்து பிஞ்சைக் கெடுத்துவிடலாம். அறுவடைக்கு முந்திய வாரத்தில் அழுகல் நோய் வந்துவிடலாம். ஆகவே அங்கே ஓர் ஆண்டின் குறையை மற்றோர் ஆண்டின் நிறையால் ஈடுசெய்யும் வகையில், பழைய அறுவடைகளின் மதுவைச் சேமித்து வைத்துப் புதியதோடு கலப்பதே பொது வழக்கமாயிற்று. கடைகளில் பெரும்பான்மையாகக் கிடைக்கும் ஆண்டு குறிக்காத ஷாம்பெயின்கள் அப்படிப் பிறந்தவையே.

வேறெந்த ஆண்டின் துணையும் இன்றித் தன்னந்தனியே நிற்கக்கூடிய விளைச்சல் அமையும்போதுதான் ஓர் இல்லம் ஆண்டைக் குறித்து மது செய்யத் துணிகிறது. அந்த நல்ல ஆண்டிலும் விளைச்சல் முழுவதையும் அதற்கே செலவிட முடியாது. பின்னாளைய கலவைகளுக்குச் சேமிப்பு வேண்டும் என்பதற்காக, ஓர் இல்லம் தன் அறுவடையில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஆண்டு குறித்து விற்கக்கூடாது என்று விதி இருக்கிறது. ஆண்டு குறிக்காத ஷாம்பெயின் புட்டியில் குறைந்தது 15 மாதங்களும், ஆண்டு குறித்தது குறைந்தது 3 ஆண்டுகளும் இருந்தாக வேண்டும். நல்ல இல்லங்கள் இந்தக் குறைந்தபட்ச வரம்போடு நிற்பதில்லை.

‘ப்ரெஸ்டீஜ் குவே’ என்பது வேறா?

‘குவே’ என்றால் ஒரு குறிப்பிட்ட மதுக் கலவை; ஓர் இல்லம் தன்னால் இயன்ற மிகச் சிறந்த மது என்று முன்வைப்பதே ப்ரெஸ்டீஜ் குவே. இது சட்டத்தில் உள்ள பிரிவு அல்ல, வழக்கத்தில் உருவானது. லூயி ரோடரே இல்லம் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தருக்காக 1876 இல் செய்த கிறிஸ்டாலும், 1921 ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து 1930களில் விற்பனைக்கு வந்த தோம் பெரிஞோனும் இந்த வரிசையின் மூத்தவை. போல் ரோஜேயின் ‘குவே சர் வின்ஸ்டன் சர்ச்சில்’ 1984 இல்தான் வந்தது. வரிசையில் இளையது என்றே சொல்ல வேண்டும்.

போல் ரோஜே என்பவர் யார்?

அவர் ஆயி என்னும் ஊரில் பத்திரப்பதிவுப் பணி செய்த ஒரு நோட்டரியின் மகன். 1831 இல் பிறந்தவர். தந்தை நோயில் விழுந்து தொழிலைத் தொடர முடியாமற்போனபோது, குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு 18 வயதேயான அந்த இளைஞரின் தோளில் விழுந்தது. சுற்றுவட்டாரம் முழுவதும் திராட்சைத் தோட்டங்களாக இருக்க, கைக்கு எட்டிய தொழில் மது வணிகமே. 1849 இல் அதைத் தொடங்கிய அவர், சில ஆண்டுகளில் எப்பர்னேவுக்குக் குடிபெயர்ந்தார்.

அந்தக் காலத்தில் ஷாம்பெயின் இன்று இருப்பதைவிடப் பன்மடங்கு இனிப்பாக இருந்தது. ஆங்கிலேயர் மட்டும் இனிப்புக் குறைந்ததை விரும்பினார்கள். போல் ரோஜே அந்தச் சுவையைக் கவனித்து, இங்கிலாந்துச் சந்தைக்கு ஏற்ற இனிப்பற்ற ஷாம்பெயினைச் செய்தார். 1877 இல் விக்டோரியா அரசியிடமிருந்து அரச குடும்பத்துக்கு மது வழங்கும் உரிமைச் சான்று கிடைத்தது. பின்னாளில் ஓர் ஆங்கிலேயரின் பெயர் இந்த இல்லத்தின் தலைசிறந்த மதுவில் ஏறியதற்கான வித்து, என் பார்வையில், இங்கேதான் ஊன்றப்பட்டது.

அவர் 1899 டிசம்பரில் காலமானார். மகன்கள் மொரீஸும் ஜார்ஜும் தந்தையின் முதற்பெயரையும் குடும்பப் பெயரையும் இணைத்து ‘போல்-ரோஜே’ என்பதையே தங்கள் குடும்பப் பெயராக்கிக் கொள்ள அனுமதி பெற்றார்கள். அதனால்தான் குடும்பத்தவரின் பெயரில் இடைக்கோடு இருக்கிறது. மதுவின் பெயரில் இல்லை.

1900 இல் நடந்த நிலவறை விபத்தைப் பற்றிச் சொல்ல முடியுமா?

தந்தை இறந்து இரண்டு மாதங்கள்கூட முழுமையாகக் கடக்கவில்லை. குளிரும் ஈரமும் மிகுந்த அந்தக் குளிர்காலத்தில், 1900 பிப்ரவரி 23 ஆம் நாள் அதிகாலையில், தொலைவில் இடி இடிப்பதுபோன்ற மந்தமான ஓசை எழுந்தது. எப்பர்னேயின் அடியில் வெண்சுண்ணப் பாறையைக் குடைந்து அமைக்கப்பட்டிருந்த நிலவறைகளின் ஒரு பெரும்பகுதி சரிந்துவிட்டது. மேலிருந்த கட்டடங்களும் அவற்றோடு இறங்கின. அடுத்திருந்த தெருவும் உள்வாங்கியது. ஏறத்தாழ 15 லட்சம் புட்டிகளும் 500 மரப்பீப்பாய் மதுவும் மண்ணுக்கடியில் புதைந்தன.

இந்த எண்ணிக்கையை வாசிக்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஷாம்பெயின் இல்லம் ஒன்றின் செல்வம் வங்கியில் இருப்பதில்லை; நிலவறையில் இருக்கிறது. இன்று விற்கும் புட்டி சில ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்டது. இன்று செய்வது இனிவரும் ஆண்டுகளில்தான் விலையாகும். ஆகவே புட்டிகள் போனபோது கடந்துபோன பல ஆண்டுகளின் உழைப்பும் வரவிருந்த பல ஆண்டுகளின் வருமானமும் ஒருசேரப் போயின. தப்பியவற்றைத் தோண்டி எடுக்கலாம் என்று சகோதரர்கள் சுரங்கம் வெட்ட முனைந்தார்கள். ஆனால் ஒரு மாதம் கழித்து அருகிலிருந்த மற்றொரு நிலவறையும் சரிந்தது. உயிருக்கு ஆபத்து என்று அந்த முயற்சி கைவிடப்பட்டது.

இளம் வயதில் பொறுப்பேற்ற சகோதரர்கள் இருவரும் அந்த நிலையிலிருந்து இல்லத்தை மீட்டெடுத்தார்கள். இந்தக் குடும்பத்தின் வரலாற்றில் என்னை மிகவும் தொடும் பகுதி இதுதான்.

புதைந்த புட்டிகள் எப்போதாவது கிடைத்தனவா?

கிடைத்தன, 118 ஆண்டுகள் கழித்து. 2018 ஜனவரியில், அதே இடத்தில் ஒரு புதிய கட்டடம் எழுப்புவதற்காக நிலத்தைச் சோதித்தபோது உள்ளே ஒரு வெற்றிடம் தென்பட்டது. முதலில் உடைந்த கண்ணாடித் துண்டுகள், பிறகு முழுமையான ஒரு புட்டி, பின் ஒவ்வொன்றாகச் சில. தேடல் முடிவில் 26 புட்டிகள் வெளிவந்தன. 1887 க்கும் 1898 க்கும் இடைப்பட்ட அறுவடைகளைச் சேர்ந்தவை அவை. தக்கை இறுகி, உள்ளே மது தெளிவாக இருந்தது. புதைந்தது 15 லட்சம், கிடைத்தது 26. ஆயினும் தாத்தாவின் தந்தையர் கை வைத்த புட்டிகளை இன்றைய தலைமுறையினர் மண்ணிலிருந்து கையில் ஏந்திய அந்தக் காட்சியை எண்ணும்போது, எண்ணிக்கை சிறியதாகத் தோன்றவில்லை.

முதல் உலகப் போரில் இந்தக் குடும்பத்துக்கு என்ன நேர்ந்தது?

1914 செப்டம்பர் தொடக்கத்தில் ஜெர்மானியப் படை எப்பர்னேயில் நுழைந்தபோது அந்நகரின் மேயராக இருந்தவர் மொரீஸ் போல்-ரோஜே. உயர் அதிகாரிகள் வெளியேறிவிட்டனர். நகரத்தின் பணமும் அவர்களோடு போய்விட்டது. மக்கள் கையில் காசில்லை. மேயர் நகரை விட்டு அகலாமல் இருந்து, தன் சொந்தச் சொத்தைப் பிணையாக வைத்துப் பணச்சீட்டுகளை வெளியிட்டு அன்றாட வணிகம் நின்றுபோகாமல் காத்தார். சுட்டுக்கொல்லப்படுவீர்கள் என்ற மிரட்டலையும் அவர் எதிர்கொண்டார். ஏறத்தாழ ஒரு வாரத்தில், மார்ன் ஆற்றங்கரைப் போரில் பின்னடைந்த படை நகரை விட்டு நீங்கியது.

அந்த ஆண்டின் திராட்சை பீரங்கி ஓசைக்கு நடுவே பறிக்கப்பட்டது. ஆண்கள் போர்முனையில் இருந்தபடியால், பறித்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் முதியோரும் சிறுவர்களும். 1914 ஆம் ஆண்டு ஷாம்பெயின் பின்னர் அந்த நூற்றாண்டின் சிறந்தவற்றுள் ஒன்றாக மதிக்கப்பட்டது.

சர்ச்சிலுக்கும் இந்த இல்லத்துக்கும் என்ன தொடர்பு?

தொடர்பு இரண்டு கட்டங்களாக வளர்ந்தது. முதற்கட்டம் வெறும் வாடிக்கை: 1908 இலேயே அவர் போல் ரோஜேயின் 1895 ஆம் ஆண்டு ஷாம்பெயினை வாங்கியதற்கான விலைச்சீட்டு இருக்கிறது.

இரண்டாம் கட்டம் 1944 நவம்பரில் தொடங்கியது. பாரிஸ் விடுதலையாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. முதல் உலகப் போர் முடிந்த நாளின் நினைவை ஒட்டி, பிரிட்டிஷ் தூதர் டஃப் கூப்பர் தூதரகத்தில் அளித்த மதிய விருந்தில், சர்ச்சில் ஓடெட் போல்-ரோஜே என்ற பெண்மணியைச் சந்தித்தார். நிறுவனரின் பேரன் ஜாக்கின் மனைவியான ஓடெட், வாலஸ் என்ற குடும்பத்தில் பிறந்தவர். அறிவும் அழகும் நிறைந்தவர் என்று எல்லோராலும் குறிப்பிடப்படுபவர். ஜெர்மானியர் ஆக்கிரமித்திருந்த காலத்தில் பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்துக்காகச் செய்திகளைச் சுமந்து சைக்கிளில் பாரிஸ் வரை சென்று வந்தவர். விருந்தில் பரிமாறப்பட்டது போல் ரோஜேயின் 1928 ஆம் ஆண்டு ஷாம்பெயின். அந்த மதுவும் அந்த நட்பும் சர்ச்சிலின் எஞ்சிய வாழ்நாளில் அவரோடு இருந்தன.

ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஓடெட் 1928 ஆம் ஆண்டுப் புட்டிகள் அடங்கிய பெட்டி ஒன்றை அனுப்பி வந்தார். 1953 இல் அந்த ஆண்டின் கையிருப்பு தீர்ந்த பிறகு 1934 உம், பின்னர் 1947 உம் அதன் இடத்தைப் பிடித்தன. சர்ச்சில் தன் பந்தயக் குதிரை ஒன்றுக்குப் ‘போல் ரோஜே’ என்றே பெயரிட்டார். எப்பர்னேயில் இல்லம் அமைந்துள்ள ஷாம்பெயின் சாலை 44 ஆம் எண்ணை, உலகிலேயே குடிப்பதற்கு மிக உகந்த முகவரி என்று அவர் வருணித்தது அந்த இல்லத்தாரால் இன்றும் மகிழ்ச்சியோடு நினைவுகூரப்படுகிறது. 1965 இல் லண்டனில் நடந்த அவருடைய இறுதிச் சடங்கில், குடும்பத்தின் நண்பர் என்ற முறையில் ஓடெட் கலந்துகொண்டார். அவர் 2000 டிசம்பரில் மறைந்தார்.

லேபிளில் கறுப்புக் கரை இருந்ததாகச் சொல்கிறார்களே?

உண்மைதான். 1965 ஜனவரி 24 இல் சர்ச்சில் இறந்தபோது, பிரிட்டனுக்கு அனுப்பும் ஆண்டு குறிக்காத புட்டிகளின் லேபிளில் துக்கத்தின் அடையாளமாகக் கறுப்புக் கரை இடப்பட்டது. 25 ஆண்டுகள் அது நீடித்தது. 1990 இல்தான், கடற்படை அமைச்சராக இருந்த அவருடைய நினைவுக்குப் பொருந்தும் அடர்நீலமாக மாற்றப்பட்டது. தன் வீட்டில் நிகழ்ந்த இறப்புக்குத்தான் மனிதர்கள் இவ்வளவு காலம் துக்கம் காப்பார்கள்.

சர்ச்சில் பெயரிலான குவே எப்போது, எப்படி வெளியானது?

1975 ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து முதல் மது செய்யப்பட்டது. 1.5 லிட்டர் கொள்ளும் ‘மேக்னம்’ புட்டிகளில் மட்டும் அது அடைக்கப்பட்டு, 1984 இல் சர்ச்சில் பிறந்த பிளென்ஹைம் அரண்மனையில் வெளியிடப்பட்டது. அவர் இறந்து பத்தொன்பது ஆண்டுகள் கழித்து என்பதைக் கவனிக்க வேண்டும். பெயரின் புகழ் சூடாக இருக்கும்போதே விற்றுவிட வேண்டும் என்று நினைக்கும் வணிகர் இப்படிச் செய்திருக்க மாட்டார்.

இதில் என்னென்ன திராட்சை இருக்கிறது?

விகிதத்தை இல்லம் வெளியிடுவதில்லை. கறுப்புத் திராட்சையான பினோ நுவார் மேலோங்கியிருக்கும் என்பதும், வெள்ளைத் திராட்சையான ஷார்தொனே அதற்குத் துணை நிற்கும் என்பதும் மட்டுமே சொல்லப்படுகிறது. சர்ச்சில் விரும்பிக் குடித்தவை உடல்வலுவும் முதிர்ச்சியும் கொண்ட ஷாம்பெயின்கள். அந்தச் சுவையைப் பினோ நுவார்தான் தர வல்லது. திராட்சை முழுவதும் ‘கிராண்ட் க்ரூ’ என்ற உயர்தர மதிப்புப் பெற்ற ஊர்களிலிருந்து வருகிறது. ஷாம்பெயினில் திராட்சை விளையும் ஊர்கள் 300 க்கு மேல் இருக்க, அந்த மதிப்புப் பெற்றவை 17 மட்டுமே. இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: சர்ச்சில் வாழ்ந்த காலத்திலேயே கொடி நடப்பட்டிருந்த தோட்டங்களின் திராட்சையே இதில் சேர்க்கப்படும். அவர் குடித்த மதுவும் நாம் குடிக்கும் மதுவும் ஒரே மண்ணில் வேர்விட்டவையாக இருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து.

செய்முறையைச் சற்று விளக்க முடியுமா?

ஷாம்பெயினில் திராட்சையைக் கையால் மட்டுமே பறிக்க வேண்டும் என்பது சட்டம். கறுப்புத் தோல் கொண்ட பழத்திலிருந்து வெண்ணிறச் சாறு கிடைக்க வேண்டுமானால், பழம் நசுங்காமல் ஆலைக்கு வந்து, மென்மையாகப் பிழியப்பட வேண்டும். 4,000 கிலோ திராட்சையிலிருந்து 2,550 லிட்டர் சாற்றை மட்டுமே எடுக்கலாம். அதிலும் முதலில் வழியும் 2,050 லிட்டர்தான் உயர்ந்தது.

போல் ரோஜேயில் சாறு இருமுறை தெளிய வைக்கப்படுகிறது. பிழியும் இடத்தில் ஒருமுறை. பிறகு நிலையத்துக்கு வந்து, துருப்பிடிக்காத எஃகுத் தொட்டிகளில் 6 டிகிரி குளிரில் ஒரு நாள் முழுவதும் மறுமுறை. அதன்பின் 18 டிகிரிக்கு மேல் ஏறாதபடி மெதுவாக நொதிக்க விடுகிறார்கள். ஒவ்வோர் ஊரின் சாறும், ஒவ்வொரு வகைத் திராட்சையும் தனித்தனித் தொட்டியிலேயே இருக்கும். கூர்மையான மாலிக் அமிலம் மென்மையான லாக்டிக் அமிலமாக மாறும் இரண்டாம் கட்ட மாற்றத்துக்கும் முழுமையாக இடம் தரப்படுகிறது. குளிர்காலம் கழிந்தபின், இல்லத்தவரும் நிலவறைத் தலைவரும் கூடி ஒவ்வொன்றையும் சுவைத்து, எதனோடு எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்கிறார்கள். இந்த அமர்வே மதுவின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது.

கலந்த மதுவைப் புட்டியில் அடைக்கும்போது லிட்டருக்கு ஏறத்தாழ 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்க்கப்படுகின்றன. மூடிய புட்டிக்குள் மீண்டும் நொதித்தல் நடந்து, வெளியேற வழியில்லாத கரியமில வாயு மதுவிலேயே கரைகிறது. உள்ளே உருவாகும் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல ஆறு மடங்கு. இந்தக் கட்டத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘நுரை பிடித்தல்’ என்கிறார்கள். இல்லத்தின் நிலவறைகளில் மிக ஆழமான பகுதிக்கும் அதே பெயர். தெருமட்டத்திலிருந்து 33 மீட்டர் கீழே, 9 டிகிரி குளிரில் அது இருக்கிறது. எப்பர்னேயின் பிற நிலவறைகளை விட ஓரிரு டிகிரி குறைவான அந்தக் குளிரில் நொதித்தல் மெதுவாக நடக்கும். மெதுவாக நடந்தால் குமிழி நுண்ணியதாக அமையும்.

வேலை முடித்த ஈஸ்ட் இறந்து மண்டியாகப் படிகிறது. நம் வழக்கில் மண்டி என்றால் கொட்ட வேண்டியது. ஷாம்பெயினில் அதுதான் செல்வம். ஆண்டுக்கணக்கில் அந்த மண்டியின் மேல் கிடக்கும்போது, சிதையும் ஈஸ்டிலிருந்து சத்துகள் மதுவில் இறங்கி, புதிதாகச் சுட்ட ரொட்டி, வறுத்த பாதாம், தேன் ஆகியவற்றை நினைவூட்டும் மணங்கள் உருவாகின்றன. சர்ச்சில் குவே விற்பனைக்கு வருவதற்கு முன் ஏறத்தாழப் பத்தாண்டுகள் நிலவறையில் இருக்கிறது. குழந்தை பிறந்த ஆண்டின் அறுவடையை, அந்தக் குழந்தை நான்காம் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போதுதான் கடையில் பார்க்க முடியும்.

கையால் புட்டி திருப்புவது இன்னும் நடக்கிறதா?

நடக்கிறது. மண்டியை வெளியேற்ற வேண்டுமானால் அது முதலில் புட்டியின் கழுத்துக்கு இறங்க வேண்டும். துளையிட்ட சாய்வுப் பலகைகளில் கழுத்து உள்ளே போகும்படி புட்டிகளைச் செருகி, நாள்தோறும் சிறிது திருப்பி, அடிப்பாகத்தைச் சிறிது உயர்த்திச் சில வாரங்கள் செய்தால் மண்டி முழுவதும் மூடியை ஒட்டிச் சேரும். இன்று பெரும்பாலான இல்லங்கள் இதை ஒரு வாரத்தில் முடிக்கும் இயந்திரங்களிடம் ஒப்படைத்துவிட்டன. போல் ரோஜேயில் கைவேலைதான். தேர்ந்த ஒருவர் ஒரே நாளில் பல்லாயிரம் புட்டிகளைத் திருப்பிவிடுவார். இருட்டில், குளிரில், இரு கைகளும் இரண்டு புட்டிகளைப் பற்றி மளமளவென்று நகரும்.

பின்பு கழுத்தை மட்டும் உறைய வைத்து, உறைந்த மண்டியை வெளியே தள்ளி, சிறிதளவு இனிப்பு மது சேர்த்து நிரந்தரத் தக்கை இடப்படுகிறது. ‘ப்ரூட்’ (இனிப்புக் குறைந்தது) என்று குறிக்கப்பட்ட புட்டியில் சர்க்கரை லிட்டருக்கு 12 கிராமுக்குள் இருக்க வேண்டும்.

இந்தியர்களாகிய நாம் சர்ச்சிலின் பெயர் தாங்கிய மதுவை எப்படிப் பார்ப்பது?

இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு இந்தப் பக்கத்தை முடிப்பது நேர்மையாகாது. 1943 ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் இருபது முதல் முப்பது லட்சம் பேர் மாண்டார்கள். அப்போது பிரிட்டனின் பிரதமர் சர்ச்சில். உணவுக் கப்பல்களை அனுப்புவதில் அவருடைய அமைச்சரவை காட்டிய மெத்தனமும் மறுப்பும் வரலாற்றாய்வாளர்களால் கடுமையாகக் கண்டிக்கப்பட்டவை. 1931 இல் காந்தியை ‘அரை நிர்வாணப் பக்கிரி’ என்று அவர் இகழ்ந்ததும் நாம் அறிந்ததே. அந்த அரையாடையைக் காந்தி ஏற்றது 1921 செப்டம்பரில் நம் மதுரையில். ஏழை உழவனின் உடையே தனக்கும் போதும் என்ற முடிவோடு.

ஆகவே இந்தப் பெயரைக் கேட்டவுடன் ஒரு தமிழ் வாசகருக்கு மனம் சுருங்கினால் அதில் தவறு ஏதுமில்லை, எனக்கும் சுருங்குகிறது. எப்பர்னேயின் கண்ணில் அவர் நாஜி ஆக்கிரமிப்பிலிருந்து பிரான்ஸை மீட்கத் துணைநின்றவர். ஆக்கிரமிப்பின் கீழ் செய்தி சுமந்த ஒரு பெண்ணின் நண்பர். வங்கத்தின் கண்ணில் அவர் வேறு மனிதர். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை அழிக்க இயலாது. அந்த மதுவைச் செய்த கைகளின் பொறுமையை நான் மதிக்கிறேன். லேபிளில் உள்ள பெயரை வணங்க வேண்டிய கடமை எனக்கு இல்லை.

எந்தெந்த ஆண்டுகளில் இது செய்யப்பட்டது?

எல்லா ஆண்டிலும் செய்யப்படுவதில்லை. 1975 க்குப் பிறகு 1979, 1982, 1985, 1988, 1990, 1996, 1998, 2002, 2004, 2006, 2008, 2009, 2012, 2013 ஆகியவை குறிப்பிடத்தக்கவை. வசந்த உறைபனியும் கொடிய கோடை வெப்பமும் ஒருசேரத் தாக்கிய 2003 இல் செய்யவில்லை. 1996 உம் 2008 உம் உறுதியான புளிப்புக்காக நீண்ட ஆயுள் கொண்டவையாகப் போற்றப்படுகின்றன. 2002 பழச்சுவை நிறைந்தது; இப்போதே அருந்த உகந்தது. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், என் தேர்வு 2008. ஆனால் அதை வாங்குபவருக்குப் பொறுமை வேண்டும்.

குடும்ப நிறுவனம் என்பதால் மதுவில் என்ன வேறுபாடு வந்துவிடும்?

புகழ்பெற்ற ஷாம்பெயின் பெயர்களில் பல இன்று பெருங்குழுமங்களின் உடைமை. அவற்றிலும் சிறந்த மதுக்கள் பிறக்கின்றன, மறுப்பதற்கில்லை. ஆயினும் பத்தாண்டுகள் விற்காமல் வைத்திருக்கும் சரக்கு என்பது பத்தாண்டுகள் முடங்கிக் கிடக்கும் முதலீடு. ஒவ்வொரு காலாண்டுக்கும் கணக்குக் காட்ட வேண்டியவர்களைவிட, பேரப்பிள்ளைகளுக்கு விட்டுச் செல்ல நினைப்பவர்களுக்கே அது எளிதாகத் தோன்றும். போல் ரோஜேவுக்குச் சொந்தமாக ஏறத்தாழ 90 ஹெக்டேர் தோட்டம் இருக்கிறது; அது தேவையில் பாதிக்குச் சற்று மேலாகத்தான் ஈடுகொடுக்கிறது. எஞ்சிய திராட்சை தலைமுறைகளாக ஒப்பந்தத்தில் உள்ள உழவர்களிடமிருந்து வருகிறது.

அண்மைக் காலத்தில் நிர்வாகத் தலைமைக்குக் குடும்பத்துக்கு வெளியிலிருந்தும் தேர்ந்தவர்கள் வந்திருக்கிறார்கள். உரிமையும் கலவையைத் தீர்மானிக்கும் மேசையில் ஓர் இருக்கையும் குடும்பத்திடமே இருக்கின்றன. ஐந்தாம் தலைமுறையின் ஹ்யூபேர் தெ பிய்யி அந்த வழியில் வந்தவர். உலகின் பழம்பெரும் மதுக் குடும்பங்கள் பன்னிரண்டு சேர்ந்து அமைத்துள்ள ‘ப்ரிமும் ஃபமிலியே வினி’ என்ற கூட்டமைப்பில், ஷாம்பெயின் பகுதியிலிருந்து இடம்பெற்றிருப்பது போல் ரோஜே மட்டுமே.

வாங்கிய புட்டியை எப்படிப் பாதுகாப்பது, எப்படித் திறப்பது?

வெளிச்சமும் வெப்பமும்தான் இதன் பகை. 10 முதல் 12 டிகிரி வரையிலான நிலையான குளிர், இருட்டு, அசைவின்மை ஆகிய மூன்றும் இருந்தால் பல்லாண்டுகள் தாங்கும். நம் ஊர் வீடுகளின் அலமாரியில் ஒரு கோடையைக் கடந்தாலே பத்தாண்டுக் காத்திருப்பு வீணாகிவிடும்; மதுவுக்கென்று அமைந்த குளிர்ப்பெட்டி இல்லாதவர்கள் வாங்கிய சில நாட்களிலேயே அருந்திவிடுவது நல்லது.

அருந்தும் வேளையில் 10 டிகிரிக்குச் சற்று மேல் இருக்கட்டும். மிகக் குளிர்ந்தால் மணம் ஒடுங்கிவிடும். ஒடுங்கிய நீளக் கிண்ணத்தை விட, நடுவில் அகன்று வாயில் குவியும் வெள்ளை மதுக் கிண்ணமே முதிர்ந்த ஷாம்பெயினுக்கு ஏற்றது. தக்கையின் கம்பிக்கூட்டை ஆறு அரைத்திருப்பில் தளர்த்தி, தக்கையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, புட்டியைச் சாய்த்து, தக்கையை அல்லாமல் புட்டியின் அடிப்பாகத்தை மெல்லத் திருப்ப வேண்டும். வெடியோசை எழக்கூடாது, பெருமூச்சு விடுவது போன்ற சிறு ஒலி போதும். கிண்ணத்தில் ஊற்றியபின் ஐந்து பத்து நிமிடம் விட்டுவிட்டுச் சுவைத்தால், முதல் மிடறில் புளிப்பும் பழமுமாக இருந்தது, கடைசி மிடறுக்குள் ரொட்டியும் கொட்டைப் பருப்புமாக விரிந்திருப்பதைக் காணலாம்.